திருநர் மீதான வன்முறையும் தமிழ் ஊடகச் சித்திரிப்பும்

திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட திருநர் சமூகத்தை வன்முறையோடு சேர்த்துப் பேசும்போது தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி, திரைப்படம், இணையக் காணொளி ஆகியவை கைக்கொண்டுவரும் வழக்கங்களைப் பற்றியது இக்கட்டுரை. அவற்றுள் அடிப்படையான வழக்கம் ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்படும்போது அவர்கள் ‘திருநங்கைகள் அட்டகாசம்’, ‘திருநங்கைகள் ரகளை’ என்று கூட்டமாகத் தலைப்பில் ஏறுகிறார்கள். அடிபடும்போதோ கொல்லப்படும்போதோ ஒற்றை ஆளாகிறார்கள், பல நேரங்களில் தாங்கள் வைத்துக்கொண்ட பெயரையும் இழந்துவிடுகிறார்கள். கடைத்தெருவில் நாலு பேர் ‘கடை கேட்கப்’ போய், அதாவது கடைகளில் காசு கேட்கப் போய், வந்த தகராறு ஒரு சமூகத்தின் குணமாகிறது. அதே நாலு பேரில் ஒருவர் இரவில் வெட்டப்பட்டால் அது ‘முன்விரோதம்’.

பாண்டி பஜார், 2016

சென்னையில் இந்த வழக்கம் வெளிப்படையாக எதிர்ப்பைச் சந்தித்த நிகழ்வு தியாகராய நகரில் நடந்தது. 2016 நவம்பர் 9 அதிகாலையில், பாண்டி பஜார் காவல் நிலையத்தின் அருகே ஓர் இளம் திருநங்கை உடல் முழுதும் தீக்காயங்களோடு கிடந்தார், அன்றே இறந்தார். காவலர்கள் அவருடைய இருசக்கர வாகனத்தையும் கைப்பேசியையும் பறித்துக்கொண்டு இழிவாகப் பேசினார்கள் என்று தோழிகள் குற்றம் சாட்டினார்கள். தானே தீ வைத்துக்கொண்டார் என்றது காவல்துறை. நிலையத்தில் நடந்த வாக்குவாதத்தின் கைப்பேசிக் காணொளியும் வெளியே வந்தது. முதல்நாள் இரவு எட்டு மணிக்குத்தான் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்திருந்தது; நாளிதழ்களின் முதல் பக்கங்கள் அதற்கே போதவில்லை. இந்தச் சாவு செய்தியானதற்கு, திருநங்கையர் திரண்டு தெருவில் நின்று விசாரணை கேட்டதே பெரிய காரணம்.

இதற்கு முன்மாதிரி ஒன்று பதிவில் இருக்கிறது. 2006இல் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் வியாசர்பாடிக் காவலர்களால் திரும்பத் திரும்ப நிலையத்துக்கு இழுக்கப்பட்டுப் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருவர் தீக்குளித்து இறந்தார். அவருடைய சகோதரி தொடுத்த வழக்கில் (ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு, 2007) சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. திருநர் மீதான காவல் கொடுமைக்கு இந்தியாவில் கிடைத்த முக்கியமான தொடக்ககாலத் தீர்ப்புகளில் ஒன்று இது. 2016இல் பாண்டி பஜாரைப் பற்றி எழுதியவர்கள் இதை நினைவுபடுத்தியிருந்தால், ‘நிலைய வாசலில் தீக்குளிப்பு’ என்பது ஒருவரின் முன்கோபமாகப் படிக்கப்பட்டிருக்காது.

காவல்துறையின் சொல்லையே செய்தியாக்கும் இந்த முறை திருநரோடு நிற்பதில்லை. பாண்டி பஜாருக்குக் கிழக்கே, கடற்கரையில் உள்ள மீனவக் குப்பங்களுக்கும் அது அன்னியமானதல்ல. 2017 ஜனவரி 23 அன்று, சல்லிக்கட்டுப் போராட்டத்தின் இறுதி நாளில், அங்குள்ள நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. ‘சமூக விரோதிகள்’ என்ற காவல்துறையின் சொல் அன்று மாலையே செய்தியின் சொல்லானது. காவலர்களே வாகனங்களுக்குத் தீ வைப்பதைக் காட்டும் காணொளிகள் பரவிய பிறகுதான் குப்பத்து மக்களின் தரப்பு கேட்கப்பட்டது. மீனவப் பெண்ணும் திருநங்கையும் காவல் குறிப்பில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது மிகையான ஒப்பீடு ஆகாது.

செய்தி உருவாகும் வழி

தமிழ்க் குற்றச் செய்திக்கு மரபு ஒன்று உண்டு. 1942இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, தேநீர்க்கடையில் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற நடையில் குற்றச் செய்தியைக் கதைபோலச் சொல்லப் பழக்கியது. மற்ற இதழ்களும் அந்த நடைக்கு வந்தன. கதைக்கு வேண்டியது காரணம். ஏன் கொன்றான் என்ற கேள்விக்கு இரவு பத்து மணிக்குள், பக்கம் முடியுமுன், விடை தரக்கூடிய ஒரே இடம் காவல் நிலையம். எனவே ‘போலீசாரிடம் அளித்த பரபரப்பு வாக்குமூலம்’ செய்தியின் முதுகெலும்பாகிறது.

காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னதை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 23ஆம் பிரிவும் சொல்கிறது. நீதிமன்றம் ஏற்காததை மறுநாள் காலை வாசகர் உண்மையாகப் படிக்கிறார். கொல்லப்பட்டவர் திருநங்கை என்றால் இதன் விளைவு கொடியது. ‘பாலியல் தொல்லை கொடுத்தார், அதனால் கொன்றேன்’ என்று பிடிபட்டவர் சொன்னதாக வரும் ஒற்றை வரி, இறந்தவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. மறுத்துச் சொல்ல அவர் இல்லை. ஜமாத் எனப்படும் திருநங்கையர் குழுவில் அவருடன் வாழ்ந்தவர்களிடம் நிருபர் கேட்பதும் அரிது. கேட்டாலும் அது ‘உறவினர்’ கூற்றாக எண்ணப்படுவதில்லை.

பெயர் சிதைவதும் இதே வழியில்தான். முதல் தகவல் அறிக்கையில் ஆவணப் பெயர் முன்னே வரும், ‘(எ)’ என்ற குறிக்குப் பின்னால் அவர் வாழ்ந்த பெயர் வரும். ரவுடிகளின் பட்டப்பெயருக்கும் அதே குறிதான். சில செய்திகளில் ‘(எ)’யும் விழுந்து, பிறப்பில் இடப்பட்ட ஆண் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது. இதனால் இன்னொரு இழப்பும் உண்டு. உலக அளவில் திருநர் கொலைகளை 2009 முதல் கணக்கெடுத்துவரும் கண்காணிப்புத் திட்டம், 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரை 350 கொலைகளைப் பதிவு செய்தது. அந்தக் கணக்கு பெரிதும் செய்திக் குறிப்புகளை நம்பியிருக்கிறது. ‘ஆண் பிணம்’ என்று அச்சானவர் அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்.

பிள்ளை பிடிக்கும் கதை

திருநர் குழந்தைகளைக் கடத்துவார்கள் என்ற கதைக்கு அரசு முத்திரையே இருந்தது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, குழந்தைகளைக் கடத்துவதாக அல்லது விதை நீக்குவதாகச் சந்தேகிக்கப்படும், ‘யூனக்’ (eunuch) என்று அது வகைப்படுத்தியவர்களுக்குப் பதிவேடு வைக்கச் சொன்னது, சந்தேகமே போதும். வட இந்தியாவுக்கென வந்த அந்தச் சட்டத்தின் சாயலில் ஐதராபாத் நிஜாம் ஆட்சி 1919இல் தனிச் சட்டம் இயற்றியது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2023 ஜூலையில்தான்.

அதே ஐதராபாத்தில், 2018 மே 26 இரவு, சந்திராயண்குட்டா பகுதியில் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நம்பிய கூட்டம் ஒரு திருநங்கையை அடித்துக் கொன்றது. அந்த மாதம் வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாட்டிலும் ஆட்களைக் கொன்றது: போளூர் அருகே கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியையும், பழவேற்காட்டில் ஓர் ஆணையும். 2024 பிப்ரவரியில் சென்னையின் தென்புறமான பம்மலில் ஒரு திருநங்கையை விளக்குக் கம்பத்தில் கட்டி, ஆடை களைந்து அடித்தார்கள். அதைப் படமும் பிடித்தார்கள். வதந்தி பொய் என்று காவல்துறை அறிவித்தது, தாக்கியவர்கள் கைதானார்கள். அந்தக் காணொளியோ அறிவிப்பைவிட வேகமாகப் பரவியது. 

திரைப்படம்

திரையில் திருநங்கை நகைச்சுவைக்கு உதவாத இடங்களில் அச்சத்துக்கு உதவினார். ‘அப்பு’ (2000) படத்தில் பிரகாஷ்ராஜ் ஏற்ற, பாலியல் தொழில் விடுதி நடத்தும் வில்லன் பாத்திரம், இந்தி ‘சடக்’ (1991) வழிவந்தது. ஷங்கரின் ‘ஐ’ (2015) ஒரு திருநங்கை ஒப்பனைக் கலைஞரைக் கேலிப் பொருளாக்கி, பின் சதிகாரர்களில் ஒருவராகவும் ஆக்கியது. சென்னையில் திருநங்கையர் போராடினார்கள், ‘நான் வித்யா’ எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா இயக்குநருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

‘காஞ்சனா’ (2011) வேறு வகை. சரத்குமார் ஏற்ற திருநங்கை அதில் நிலத்துக்காகக் கொல்லப்பட்டவர், பரிவுக்குரியவர். ஆனால் அவருக்கு நியாயம் கிடைக்க அவர் பேயாக வேண்டியிருந்தது. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தின் ஷில்பா இன்னும் சிக்கலானவர். காவல் நிலையத்தில் அவருக்கு நேரும் கொடுமையைத் தமிழ்ப் படங்களில் அரிதான நேர்மையோடு அது காட்டியது. விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதே படம், குழந்தைகள் பிச்சையெடுக்கும் கும்பலிடம் போய்ச் சேர ஷில்பா உடந்தையாக இருந்ததாகவும் சொன்னது. ஐதராபாத் கொலை நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இதைச் சுட்டிக்காட்டிய திருநர் விமர்சகர்களின் கோபத்தைக் கலையறியாமை என்று தள்ளிவிட முடியாது.

மாறாக, திருநரே ஊடகத்துக்குள் வந்த இடங்களும் உண்டு: 2008இல் விஜய் தொலைக்காட்சியில் ‘இப்படிக்கு ரோஸ்’, 2011இல் கல்கி சுப்ரமணியம் நடித்த ‘நர்த்தகி’, 2014இல் கோவையிலிருந்து செய்தி வாசித்த பத்மினி பிரகாஷ்.

நீதிமன்றமும் சட்டமும்

2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவில், பாலியல் வன்முறை உட்பட, தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான். பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து ஆண்டு. இந்த வித்தியாசத்தை ஒரு செய்தியில் ஒரு வரியாகச் சேர்ப்பது எளிது, சேர்ப்பவர் குறைவு.

2021 ஜூன் 7 அன்று, தன்பாலீர்ப்புப் பெண் இணையர் தொடுத்த சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவும் அதன் தொடர் ஆணைகளும் காவல்துறையையும் ஊடகத்தையும் ஒரே வழக்கில் கொண்டுவந்தன. 2022இல் காவல் சார்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டு, பால்புதுமையினரையும் அவர்களுக்காகப் பணியாற்றுபவர்களையும் துன்புறுத்துவது தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, பால்புதுமையினரைக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதை ஊடகங்கள் பின்பற்ற வேண்டும் என்பது நீதிமன்றத்தின் எதிர்பார்ப்பு. நாளிதழ்த் தலைப்புகளில் பழைய வசைச்சொற்கள் இன்று அரிதாகிவிட்டன. ஆனால் பட்டியல் சொல்லைத்தான் மாற்றும். வாக்குமூலத்தைக் காரணமாக அச்சிடும் பழக்கம் அதன் எல்லைக்குள் வராது. தொலைக்காட்சிச் செய்திக்குச் சுய ஒழுங்கு அமைப்பு இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர்களை ரகசியமாகப் படமெடுத்து ஒளிபரப்பியதற்காக ஐதராபாத் டிவி9க்கு 2011இல் அது 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதன் அதிகாரம் உறுப்பினர் அலைவரிசைகளோடு நிற்கிறது. அறுவைச் சிகிச்சையைப் பற்றித் துருவிக் கேட்கும் யூடியூப் பேட்டிகளும், கைப்பேசியில் எடுத்துப் பரப்பும் தாக்குதல் காட்சிகளும் அதற்கு வெளியே இருக்கின்றன.