புள்ளூட்டும் வழக்கும் புள் வாழும் நிலமும்

பறவைக்கு உணவிட்டு அதனை மனைக்கண் அழைக்கும் வழக்குத் தமிழகத்தில் மிகப் பழைமையானது. இதனை ஆராய்ந்தோர் பெரும்பாலும் காக்கைக்கு இடும் பலி ஒன்றனையே எடுத்துக்காட்டி அமைவர். சோறிடுவார் உள்ளத்தை நோக்கிய அளவிற்கு, அதனை உண்ண வரும் புள்ளின் வாழ்க்கையை அவர்கள் நோக்கினாரல்லர். இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வீட்டு மொட்டைமாடிகளிலும் பனியன் தொழிற்கூடங்களின் மதில்மேலும் நீர்ச்சட்டியும் தானியத் தட்டும் வைப்போர் இன்று பலர். வைத்தவர் கேட்கும் வினா ஒன்றே: ‘காக்கையும் புறாவும் வருகின்றன, குருவி ஏன் வரவில்லை?’ இவ்வினாவிற்குரிய விடையின் பெரும்பகுதி பழைய நூல்களிலேயே உண்டு என்பது என் துணிபு.

முதற்கண் ஒன்று நோக்கற்பாலது. பறவையை அழைத்த சமுதாயமே பறவையை விரட்டியும் வாழ்ந்தது. தினைப்புனத்தில் கிளியை ஓப்புதற்குத் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் இருந்தமையைக் குறிஞ்சிப்பாட்டால் அறிகின்றோம். புனத்தில் ஓப்புதலும் முன்றிலில் இடுதலும் ஒரே மக்களின் செயல்கள். இவற்றை முரண் எனக் கருதி, ஒன்றனை அருள் என்றும் மற்றொன்றனை வன்கண்மை என்றும் பிரித்தல் பொருந்தாது. எப்புள் எவ்விடத்தில் எவ்வளவு உண்ணலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருந்தது, அவ்வளவே.

முன்றிலில் இடம்பெற்ற புள் காக்கை. குறுந்தொகை 210 ஆம் பாட்டில், பிரிந்து சென்ற தலைவன் மீண்டபின் தோழி பேசுகின்றாள். விருந்து வரக் கரைந்த காக்கைக்கு, நள்ளியின் கானத்து ஆயர் தரும் நெய்யைத் தொண்டி வெண்ணெற் சோற்றிற் பெய்து ஏழு கலத்தில் ஏந்தினும் அப்பலி சிறிதே என்பது அவள் கூற்று. பாடிய புலவர் இதனாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனப் பெயர் பெற்றார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தும் இவர் பாடியதே. ஐங்குறுநூறு 391 ஆம் பாட்டிலோ, உடன்போகிய மகள் மீளுமாறு கரைந்தால் ஊன் கலந்த உணவினைப் பொற்கலத்தில் தருவேன் எனத் தாய் காக்கையிடம் கூறுகின்றாள். இவ்விரு பாட்டினும் சோறு கரைதலுக்குரிய கைம்மாறாகவே நிற்கின்றது. காக்கை அதனை உண்டதா என்பது புலவர்க்கு வேண்டுவதன்று.

நற்றிணை 258 ஆம் பாட்டு வேறு வகையினது. நக்கீரர் பாடிய இதனை வழக்காராய்ச்சியாளர் போதிய அளவு பயன்கொள்ளவில்லை. செல்வர் மனையில் மகளிர் இட்ட சோற்றைக் காக்கை உண்கின்றது. பின்னர் அகன்ற அங்காடியில் குவித்து வைத்த பச்சை இறாலைக் கவர்கின்றது. பொழுது சாய்ந்ததும் துறையில் அசையும் மரக்கலத்தின் கூம்பிற் சென்று தங்குகின்றது. ஒரு பறவையின் ஒருநாள் ஒழுக்கம் முழுவதும் இதன்கண் அடங்கியுள்ளது. மகளிர் இட்ட சோறு அந்நாளின் ஒரு வேளை உணவே. அங்காடியும் கூம்பும் இல்லையேல் அச்சோற்றை உண்ண வரும் காக்கையும் அவ்வூரில் இராது.

தொல்காப்பியர் அகத்திணையியலில் தெய்வம், உணா, மரம் முதலியவற்றோடு புள்ளையும் கருப்பொருளாக வைத்ததன் பொருத்தம் இங்கு நன்கு விளங்கும். புள் நிலத்திற்குரியது; மனைக்குரியதன்று. அகநானூற்றில் பரணர் பாடிய 181, 208 ஆம் பாட்டுகள் மற்றொரு சான்று. மிஞிலியோடு பொருது வீழ்ந்த ஆஅய் எயினன்மேல் வெயில் படாதவாறு பறவைகள் கூடிச் சிறகால் நிழல் செய்தன என்பது செய்தி. அவன் அவற்றிற்குச் சோறிட்டான் எனப் பரணர் கூறவில்லை. முன்னைய பாட்டில் அப்பறவைகளைக் குறிக்கும் சொல் ‘வம்பப் புள்’ என்பது, வம்பு, புதுமை. வேற்றிடத்தினின்று புதிதாய் வந்த பறவைகள் எனக் கொள்ளின், வலசை வரும் பறவைகளைப் பழந்தமிழர் தனியே வேறுபடுத்தி அறிந்தமைக்கு இச்சொல் நல்ல சான்றாகும்.

மனிதர் இடும் உணவிற்குக் காட்டுப் புள் தவறாது வந்தமைக்குத் தமிழகத்திற் பெயர்பெற்ற சான்று திருக்கழுக்குன்றம். மலைமேல் நாள்தோறும் நண்பகலை ஒட்டி அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை ஆகியவற்றாற் செய்த அமுதைப் பூசகர் பாறைமேல் வைக்க, இரு கழுகுகள் வந்து உண்டு சென்றன. பக்ஷிதீர்த்தம் என்னும் பெயரும் ஊருக்கு இதனால் அமைந்தது. அவை உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள். பிணந்தின்னும் இனத்தைச் சார்ந்தவை. என்றேனும் அவை வாராவிடின், கூட்டத்தில் பாவம் செய்தவர் உளர் என்பர். எட்டு முனிவர் சாபத்தால் கழுகாகி, யுகத்திற்கு இருவராக வீடுபெற்றனர் என்பது தலக்கதை. அதன்படி இவ்விருவரும் இறுதியில் எஞ்சியவர்.

1990களின் இறுதியில் அவற்றின் வரவு நின்றது. அதே பத்தாண்டில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் பெருவாரியாக மடிந்தன. கால்நடைக்கு இட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதனைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2004இல் இக்காரணம் வெளியாயிற்று. 2006இல் இந்திய அரசு கால்நடை மருத்துவத்தில் அம்மருந்தைத் தடைசெய்தது. மலைமேல் வைத்த அமுது தூயதே. மலையைச் சூழ்ந்த நாட்டில் பறவை தானே தேடித் தின்ற உணவே மாறியது. கூட்டத்தாரின் பாவத்தைக் கூறும் கதையை நகைத்து ஒதுக்குவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

திருப்பூர்க் குருவிக்கு வருவோம். கம்பும் சோளமும் விளைந்த புன்செய்கள் பல, கட்டடங்கள் ஆயின. ஆயினும் தானியம் மட்டுமே குறை எனின் தட்டுகள் அதனைத் தீர்த்திருக்கும். சிட்டுக்குருவி தானியம் தின்பதாயினும் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே பெரிதும் ஊட்டும். செடியும் புதரும் அற்ற தெருவில் தட்டு நிறையக் கம்பு இருப்பினும் குஞ்சுக்கு உணவில்லை. கூடு கட்டுதற்குரிய ஓட்டுக்கூரை இடுக்கும் சுவர்ப்பொந்தும் கற்காரை வீடுகளில் இல்லை. காக்கைக்கும் புறாவுக்கும் இத்தகைய முட்டுப்பாடு இல்லாமையின் அவை வருகின்றன. நற்றிணைக் காக்கைக்கு அங்காடி வாய்த்தது போலத் திருப்பூர்க் காக்கைக்கும் கடைத்தெரு உண்டு.

நொய்யலாற்றின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சாயக் கழிவால் அவ்வாறு கெட்டதும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டதும் பலரும் அறிந்தவை. அத்தகைய நிலப்பகுதியிலேயே, நகருக்கு வடக்கே சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி, நல்லாற்று நீர் சேரும் நஞ்சராயன் குளம் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 126 ஹெக்டேர். 2022இல் தமிழகத்தின் 17 ஆவது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற இக்குளம், 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. நடு ஆசியாவினின்று இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து இங்குக் காணப்பட்டுள்ளது. பரணர் சொல்லால் கூறின், அது வம்பப் புள். அதற்குச் சோறிட்டு அழைத்தார் ஒருவரும் இலர். நீரும் சேறும் கரைப்புல்லும் இருந்தமையின் வந்தது.