ஒட்டுத்தையலும் ஆண்டுச் சந்தாவும்

துண்டுத் துணிகளை இணைத்தும், பழஞ்சேலைகளை அடுக்கியும், நூலோட்டித் தைக்கும் போர்வையை ஆங்கிலேயர் 'குயில்ட்' என்பர். மராட்டியர் 'கோதடி' என்பர். இந்தத் தையலுக்கென்றே மேல்நாடுகளில் தனிப் பத்திரிகைகள் வெளிவருகின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிவிட்ட நம்மவர் இல்லங்களில், மகளோ மருமகளோ இக்கலையில் ஆவல் கொண்டு, அத்தகைய பத்திரிகை ஒன்றுக்குச் சந்தா அனுப்பலாமா என்று கேட்டால், பெரியவர்கள் விலையைப் பார்த்துத் தயங்குவது இயல்பு. தயக்கம் நியாயமானதே. அதற்கு விடை காண, அப்பத்திரிகைகள் எதற்காகத் தோன்றின, உண்மையில் எதை விற்று வந்தன என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

பத்திரிகைக்கு வெகு காலம் முன்பே துணி போயிற்று. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய சாயச்சீட்டிகள் ஐரோப்பாவில் பெற்ற மதிப்பை நாம் மறந்துவிட்டோம். பூவும் கொடியும் தீட்டிய, எத்தனை முறை துவைத்தாலும் நிறம் மங்காத பருத்தித் துணி அந்நாட்டாருக்கு ஓர் அதிசயமாக இருந்தது. 'பலங்போஷ்' என்னும் கட்டில் விரிப்புகளுக்குப் பிரபுக்களின் மாளிகைகளில் போட்டி ஏற்பட்டது. உள்நாட்டு நெசவாளரின் கூக்குரலைப் பொறுக்கமாட்டாமல் பிரெஞ்சு அரசாங்கம் 1686இல் இத்துணிகளைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1700இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றி, 1774இல்தான் மனம் இறங்கிற்று. கிடைத்தற்கரிய பொருளை எவர்தாம் குப்பையில் எறிவர்? நைந்துபோன சீட்டியிலிருந்து கிளியையும் மலரையும் கத்தரித்தெடுத்து, வெள்ளைத் துணியின்மேல் பதித்துத் தைத்துக்கொண்டார்கள் அந்நாட்டுப் பெண்கள். மேல்நாட்டு ஒட்டுப்போர்வைகளில் பழைமையான ஒரு வகை இவ்வாறு நம் கரைச் சாயக்காரரின் கைவண்ணத்தால் உருவானது. அதைத் தைத்த மகளிருக்கு எந்தப் பத்திரிகையும் வழிகாட்டவில்லை.

நம் நாட்டிலும் இத்தையலுக்கு ஏட்டுக்கல்வி இருந்ததில்லை. தஞ்சைப் பக்கத்தில் கோயில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். பல வண்ணத் துணிகளை வெட்டி, யாளியும் அன்னமும் தாமரையுமாக ஒட்டித் தைக்கும் அந்த வேலை தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. வங்காளத்துக் 'காந்தா' தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. சேலைக் கரையிலிருந்து உருவிய நூலே அதற்குத் தையல் நூல்.

இனிப் பத்திரிகைக்கு வருவோம். 1830இல் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் லூயி கோடி என்பவர் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற மாத சஞ்சிகையைத் தொடங்கினார். 1835 ஜனவரி இதழில், தேன்கூட்டின் அறைபோல் ஆறு பக்கம் கொண்ட துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் முறை வெளிவந்தது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒட்டுத்தையல் மாதிரி அச்சேறியது அதுவே முதல் தடவை என்பர். 1837 முதல் 40 ஆண்டுக் காலம் அதன் ஆசிரியையாக விளங்கியவர் சாரா ஜோசபா ஹேல் அம்மையார். மேரியின் ஆட்டுக்குட்டியைப் பற்றி நம் குழந்தைகள் பள்ளியில் ஒப்பிக்கும் ஆங்கிலப் பாட்டை எழுதியவரும் இவரே. ஆண்டுச் சந்தா 3 டாலர். அந்நாளில் அது சிறு தொகையன்று. அப்படியிருந்தும் 1860ஐ ஒட்டி ஏறத்தாழ 1,50,000 பிரதிகள் போயின. சந்தா கட்டியவருக்குக் கிடைத்தவை எவை? கையால் வண்ணம் தீட்டிய உடைப்படங்கள், கதைகள், இசைக் குறிப்புகள் ஆகியவை. ஒட்டுத்தையல் எப்போதோ ஒரு முறை தலைகாட்டியது.

அடுத்து வந்த மாறுதல்தான் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. 1863இல் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர், பலவகை உடல் அளவுகளுக்கு ஏற்றபடி வெட்டிய காகித மாதிரிகளை விற்கலானார். அவருடைய நிறுவனத்தார் 1873இல் தொடங்கிய 'டெலினியேட்டர்' என்னும் பத்திரிகை, அக்காகிதங்களை மகளிர் வாங்கும்படி செய்வதற்கென்றே பிறந்தது. கதையும் கட்டுரையும் பின்னால் வந்து சேர்ந்தன. 1937 வரை அது நடந்தது. இவ்வழியைப் பின்பற்றியே துணி விற்பவரும் நூல் விற்பவரும் தையல் இயந்திரம் விற்பவரும் பத்திரிகைப் பக்கங்களில் இடம்பிடித்தனர். இத்தகைய பத்திரிகைக்குச் சந்தா செலுத்துவது, மாதந்தோறும் வாசலுக்கு வரும் வியாபாரிக்கு வண்டிச் சத்தத்தையும் நாமே கொடுப்பதற்கு ஒப்பாகும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; வியாபாரியிடம் நல்ல சரக்கும் இருக்கக்கூடும். வந்திருப்பவர் வியாபாரி என்று தெரிந்திருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' என்னும் நாளேடு 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுத்தையல் மாதிரிகளை வெளியிட்டது. அவற்றில் பல, வாசகியரே வரைந்து அனுப்பியவை. 1930களில் அந்நாட்டை வாட்டிய பொருளாதார மந்தத்தின்போது, கிராமத்துப் பெண்கள் மாவு மூட்டைத் துணியையும் கால்நடைத் தீவனப் பையையும் பிரித்துப் போர்வை தைத்தார்கள். மூட்டை வியாபாரிகளும் இதைக் கண்டுகொண்டு, பூப்போட்ட துணியில் பைகளைத் தைத்து விற்றார்கள்! செய்திக்காக வாங்கிய தாளில் மாதிரி கிடைத்தது. தீவனத்துக்காக வாங்கிய பையில் துணி கிடைத்தது. தனிச் சந்தா எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒட்டுத்தையலுக்கென்றே தனிப் பத்திரிகை வேரூன்றியது பிற்காலத்தில்தான். கொலராடோ மாநிலத்தில் பானி லேமன் என்ற குடும்பப் பெண்மணி 1969இல் தொடங்கிய 'குயில்டர்ஸ் நியூஸ்லெட்டர்' அவற்றுள் குறிப்பிடத்தக்கது. இரண்டாண்டு கழித்து, 1971இல், நியூயார்க் நகரின் விட்னி கலைக்கூடத்தில் பழைய போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி நடத்தினார்கள். பாட்டிமார் தைத்தவற்றைப் பேரப்பிள்ளைகள் புதுக் கண்ணோடு பார்த்தார்கள். மாதிரிகளின் பெயர்கள், அவை எந்த வட்டாரத்தில் வழங்கியவை, யார் கைப்பட்டவை என்ற விவரங்களை இப்பத்திரிகை இதழ்தோறும் சேர்த்துவைத்தது. 2016இல் அது நின்றுவிட்டது. தையல் கற்கும் பொருட்டு அதற்குச் சந்தா கட்டியவர்களைவிட, தங்கள் வேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று அதன்மூலம் தெரிந்துகொண்டவர்களே அதிக லாபம் அடைந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இவை எவ்வளவு தூரம் பொருந்தும்? அமெரிக்கப் பத்திரிகையின் மாதிரிகள் குளிர்நாட்டை எண்ணி எழுதப்படுபவை. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கச் சொல்வார்கள். மும்பையின் மார்கழிக்கு அது மிகை. மழைக்காலத்தில் அந்தப் பஞ்சு உலர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். அளவுகள் அங்குலத்தில் இருக்கும். தையலுக்குக் கால் அங்குலம் விடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அவர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடும் துணியும் நூலும் இங்கே கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை அதிகம். கோதடியோ இந்தத் தட்பவெப்பத்துக்கென்றே ஏற்பட்டது. நைந்த பருத்திச் சேலைகளை, அதிலும் மராட்டிய மாதர் உடுத்தும் ஒன்பது கெஜ லுகடேயை, அடுக்கடுக்காக விரித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் வேலை முடிந்தது. நம் பாட்டிமாரின் ஒன்பது கெஜச் சேலையும் அதற்கு வெகு பொருத்தம்.

தாராவியின் நிலை வேறு. அங்கே ஆயத்த ஆடைப் பட்டறைகள் ஏராளம். வெட்டில் மிஞ்சிய துண்டுகளுக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்தபடியே நூல் கத்தரித்தும் பொத்தான் தைத்தும் உருப்படிக் கணக்கில் கூலி பெறும் பெண்களும் உண்டு; அவர்களுள் தமிழ் பேசுவோரும் இருக்கிறார்கள். அப்பெண்களில் ஒருவர் துண்டுத் துணியைக் கொண்டு போர்வை தைத்து விற்க எண்ணினால், அவருக்கு வேண்டியது ஆண்டு முழுவதும் வரும் பளபளப்பான இதழன்று. பிழையில்லாமல் முழு அளவில் அச்சிட்ட நான்கைந்து மாதிரிகளும், வாங்குவோர் விரும்பும் நிறச்சேர்க்கை பற்றிய அறிவுமே தேவை. ஒரு மாதிரியை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் நூறு போர்வைக்கு உழைக்கும். அரைநாள் கூலியை ஓர் இதழுக்குக் கொடுப்பவர், வாங்குமுன் அதைப் பிரித்துப் பார்த்து, மாதிரி முழு அளவில் இருக்கிறதா, அல்லது 'தனியே விலைக்கு வாங்கிக்கொள்க' என்று எழுதியிருக்கிறதா என்று கவனிப்பது அவசியம்.

ஆகவே, கற்கத் தொடங்குபவருக்குச் சந்தா வேண்டாம் என்பேன். தனி இதழ் ஒன்றிரண்டு வாங்கலாம். அதையும் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. மாட்டுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் தையல் இதழ் அகப்பட்டால், 20 ஆண்டுப் பழையதானாலும் தயங்க வேண்டியதில்லை. ஆறு பக்கத் துண்டு 1835இல் இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் இதழை வாங்கிச் சுற்றுக்கு விடுவதும் நல்ல வழி. தொடர்கதைகளுக்காக நம்மவர் நெடுங்காலம் கையாண்ட வழக்கந்தானே இது? கை தேர்ந்துவிட்ட ஒருவர், பிறர் என்ன செய்கிறார்கள் என்று அறியும் ஆர்வத்தால் சந்தா கட்டுவாரானால், அவரைத் தடுக்க நியாயமில்லை.

தமிழில் இந்த வேலைக்குத் துணைசெய்யும் இதழ்கள் குறைந்து வருவது வருந்தத்தக்கது. கோலமும் கைவேலையும் வெளியிட்டு வந்த 'மங்கையர் மலர்' 2020இல் அச்சு வடிவை விட்டு மின்னிதழாயிற்று. அதே ஆண்டில் 'கல்கி'யும் அவ்வாறே மாறியது. கோதடிக்கென்று ஒரு மாத இதழைத் தமிழில் மட்டுமல்ல, மராத்தியிலும் நான் கண்டதில்லை. செம்பூரில் உங்கள் அடுத்த வீட்டு மராட்டிய மூதாட்டிக்குத் தெரிந்திருக்கும் தையல் வகைகளையும், அவற்றுக்கு அவர் கிராமத்தில் வழங்கும் பெயர்களையும் குறித்துக்கொள்ள 40 பக்க நோட்டு ஒன்று போதும். தைக்கும்போது ஓரத்திலிருந்து தொடங்குகிறாரா, நடுவிலிருந்தா, மூலைகளை எப்படி மடிக்கிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவது தமிழில் இருக்கட்டும்.