மின்தகவி இனங்காணப்படாமையால் ஏற்படும் செயலி வேகக்குறைப்பு

மின்தகவி இனங்காணப்படாமை என்பது மடிக்கணினியுடன் இணைக்கப்பட்ட மின்தகவியின் வகையையும் திறனையும் அக்கணினி அறிந்துகொள்ள இயலாத நிலையைக் குறிக்கும். மின்தகவி பேச்சு வழக்கில் அடாப்டர் எனப்படுகிறது. இந்நிலையில் பல மடிக்கணினிகள் மின்கலத்துக்கு மின்னேற்றுவதை நிறுத்துவதுடன், செயலியின் வேகத்தையும் மிகக் குறைந்த அளவுக்குத் தாழ்த்திவிடுகின்றன. செயலி அல்லது இயக்குதளம் பழுதடைந்துவிட்டதாகப் பயனர்கள் கருதி, தேவையற்ற செலவு செய்வதும் உண்டு. உண்மையில் இது ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டின் விளைவாகும்.

காரணம்

மடிக்கணினி ஒன்று முழு வேகத்தில் இயங்கும்போது செயலி, திரை, மின்கல மின்னேற்றம் ஆகிய அனைத்துக்கும் தேவையான மின்திறனை மின்தகவியே வழங்க வேண்டும். 19.5 வோல்ட் மின்னழுத்தம் தரும் 65 வாட் மின்தகவி ஏறத்தாழ 3.34 ஆம்பியர் மின்னோட்டத்தையே தர வல்லது. 90 வாட் மின்தகவி 4.62 ஆம்பியர் தரும். இரண்டின் செருகியும் ஒரே வடிவில் இருக்கலாம். திறன் குறைந்த மின்தகவியிலிருந்து கூடுதல் மின்னோட்டம் இழுக்கப்பட்டால் அது மிகையாகச் சூடேறும் அல்லது நின்றுவிடும். எனவே, திறன் தெரியாத மின்தகவியைத் திறன் குறைந்ததாகவே கருதி, கணினி தன் மின்தேவையைக் குறைத்துக்கொள்கிறது.

இனங்காணும் முறை

டெல் நிறுவனத்தின் பல மடிக்கணினிகளில் உருளை வடிவச் செருகியின் நடுவே மெல்லிய முள் ஒன்று உள்ளது. இது மின்சாரம் வழங்குவதற்கானது அன்று, தரவுக்கானது. மின்தகவியினுள் உள்ள சிறு நினைவகச் சில்லு, டாலஸ் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய ஒற்றைக் கம்பி நெறிமுறையின்படி இம்முள் வழியாகத் தன் வாட், வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் கணினிக்குத் தெரிவிக்கிறது. லெனோவோவின் செவ்வகச் செருகியில் சில்லுக்குப் பதிலாக மின்தடை ஒன்றின் மதிப்பைக் கொண்டு திறன் அறியப்படுகிறது.

தகவல் கிடைக்காதபோது வேகத்தைக் குறைக்கப் பல கணினிகளில் பிராக்ஹாட் எனும் சைகை பயன்படுகிறது. இது இன்டெல் செயலி தான் அளவுக்கு மீறிச் சூடேறியதை அறிவிக்கும் சைகை ஆகும். இதன் இருதிசை வடிவத்தில் தாய்ப்பலகையின் பிற பகுதிகளும் இச்சைகையை எழுப்பிச் செயலியை மெதுவாக்க இயலும்.

அறிகுறிகள்

* கணினியைத் தொடங்கும்போது மின்தகவியின் வகையை அறிய இயலவில்லை என்ற அறிவிப்பு தோன்றுதல்.
* மின்தகவி இணைக்கப்பட்டிருந்தும் மின்கலம் மின்னேற்றம் பெறாதிருத்தல்.
* கடும் பணியின்போதும் செயலியின் துடிப்பு வீதம் 0.8 கிகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அளவிலேயே நிற்றல்.

வெப்பத்தால் ஏற்படும் வேகக்குறைப்பு கணினி சூடேறிய பின்னரே தோன்றும். மின்தகவியால் ஏற்படுவதோ கணினி குளிர்ந்திருக்கும்போதும் காணப்படும். மின்தகவியைக் கழற்றி மின்கலத்தில் இயக்கும்போது வேகம் மீளுமானால், மின்தகவி அல்லது அதன் இணைப்பே காரணம் எனப் பெரும்பாலும் கொள்ளலாம்.

பழுதறிதலும் திருத்தமும்

முதலில் பயாஸ் அமைப்புத் திரையில் மின்தகவி எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது எனப் பார்க்க வேண்டும். வாட் அளவு சரியாகக் காட்டப்பட்டு, அது கணினியின் தேவையைவிடக் குறைவாக இருந்தால், இனங்காணுதலில் குறையில்லை. உரிய திறனுடைய மின்தகவியே தேவை. அறியப்படாதது எனக் காட்டினால், நன்றாக இயங்கும் அதே வகை மின்தகவி ஒன்றை இணைத்துச் சோதிக்க வேண்டும்.

மாற்று மின்தகவியில் சிக்கல் தீர்ந்தால் பழுது பழைய மின்தகவியில் உள்ளது. நடுமுள் வளைதல் அல்லது முறிதல், செருகியின் அருகே அடிக்கடி மடங்குவதால் உள்ளிருக்கும் தரவுக் கம்பி அறுதல், சில்லு பழுதடைதல் ஆகியன இதற்கான காரணங்களாகும். மின்வழங்கல் கம்பிகள் நன்றாக இருப்பதால் கணினி தொடர்ந்து இயங்கும். தரவு மட்டும் கிடைக்காது. மாற்று மின்தகவியிலும் சிக்கல் நீடித்தால் கணினியின் மின் உள்ளீட்டுத் துளையைச் சோதிக்க வேண்டும். பல மாதிரிகளில் இது தனி உறுப்பாகக் கம்பியுடன் அமைந்திருப்பதால் எளிதில் மாற்றலாம். அதன் பின்னரும் தீராவிடில் தாய்ப்பலகையின் தரவுச் சுற்று பழுதடைந்திருக்கலாம்.

மென்பொருள் வழி நீக்கமும் இடர்களும்

விண்டோசில் திராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளைக் கொண்டு இருதிசை பிராக்ஹாட் சைகையைச் செயலி பொருட்படுத்தாதவாறு செய்யலாம். லினக்சில் செயலியின் பதிவகத்தை மாற்றி இதனைச் செய்வர். கணினியை மீளத் தொடங்கும்போது இம்மாற்றம் நீங்கிவிடும். இதனால் வேகம் மீண்டாலும் மின்கலம் மின்னேற்றம் பெறாது. பயாசில் மின்தகவி எச்சரிக்கையை முடக்குவது அறிவிப்பை மட்டுமே மறைக்கும்.

மின்தகவியின் திறன் போதுமானது என உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இம்முறையைத் தற்காலிகமாகக் கையாளலாம். திறன் குறைந்த அல்லது தரமற்ற மின்தகவியுடன் இவ்வாறு செய்தால் அது மிகையாகச் சூடேறித் தீ விபத்துக்கும் வழிவகுக்கலாம். மேலும், அதே சைகை தாய்ப்பலகையின் பிற உறுப்புகளை வெப்பத்திலிருந்து காக்கவும் பயன்படக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.

யூ.எஸ்.பி வகை-சி

2014இல் அறிமுகமான யூ.எஸ்.பி வகை-சி இணைப்பில் மின்தகவியும் கணினியும் பொதுவான நெறிமுறை ஒன்றின்படி மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் முடிவு செய்கின்றன. ஆயினும் 3 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்துக்குத் தன் திறனைத் தெரிவிக்கும் சில்லு கொண்ட வடம் தேவை. எனவே இவ்வகையில் மின்தகவியுடன் வடத்தையும் மாற்றிச் சோதித்தல் வேண்டும்.