‘உடனடியாக’ எண்டால் எத்தனை நாள்?

லைற் பில் கூடும்போதெல்லாம் நாங்கள் திட்டுவது மின்சார சபையை. சபை கேட்கும் கட்டணத்துக்கு ஓம் அல்லது இல்லை சொல்லுவது இன்னொரு இடம்: 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அதன் ஐந்து உறுப்பினர்களையும் அமைச்சர் நினைத்தபடி போட ஏலாது; அரசியலமைப்புப் பேரவையின் சம்மதம் வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. பேரவையே இல்லாமல் போனால்?

அதுதான் நடந்தது. பேரவையை உருவாக்கியது 2001இல் வந்த 17ஆவது திருத்தம். அதற்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களின் பெயர்கள் கிடைத்ததும் ஜனாதிபதி ‘உடனடியாக’ நியமிக்க வேண்டும் எண்டு அதில் இருந்தது. உடனடியாக எண்டால் எத்தனை நாள்? எழுதவில்லை. நியமிக்காவிட்டால் என்ன? அதுவும் இல்லை. 2005 மார்ச்சில் முதல் பேரவையின் மூன்று வருடம் முடிந்தது. சிறிய கட்சிகள் தங்களுக்குள் ஒரு பெயரில் உடன்படவில்லை, ஆகவே பேரவை முழுமையில்லை எண்டு காரணம் சொல்லப்பட்டது. மற்றப் பெயர்கள் வந்த பிறகும் அதே காரணம்தான். 2006இல் மகிந்த ராஜபக்ச பேரவை இல்லாமலே பொலிஸ், பொதுச்சேவை ஆணைக்குழுக்களுக்கு நேரடியாக ஆட்களை நியமித்தார்.

(மின்சாரத்துறைக்கும் இதே நோய். 2002இல் நிறைவேறிய மின்சார மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை. 2009இல் புதிய மின்சாரச் சட்டம் வரும்வரை, மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இல்லாமலே ஆணைக்குழு இருந்தது.)

பிறகு சட்டத்துக்குள் நாட்கணக்கு வந்தது. ஆனால் அது யாருடைய கையைக் கட்டியது எண்டு பாருங்கோ. 2010இன் 18ஆவது திருத்தம் பேரவையை எடுத்துவிட்டு, கருத்து மட்டும் சொல்லக்கூடிய பாராளுமன்றப் பேரவையை வைத்தது. அதற்கு ஒரு வார அவகாசம். அதற்குள் சொல்லாவிட்டால் ஜனாதிபதி தன்பாட்டில் நியமிக்கலாம். 2015இன் 19ஆவது திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. பேரவைக்குரிய பெயர்கள் கிடைத்து 14 நாட்களுக்குள் ஜனாதிபதி நியமிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் நியமிக்கப்பட்டதாகவே கருதப்படுவர். எங்களுக்கு இந்த ஒரு வசனம், ஆணைக்குழுக்களின் சுதந்திரம் பற்றிய பக்கம் பக்கமான பேச்சுக்களைவிடப் பெரிது. 2020இல் 20ஆவது திருத்தம் அந்த ஒரு வாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2022இல் 21ஆவது திருத்தத்தோடு பேரவை மறுபடி வந்தது.

இனி 2023. பெப்ரவரியில் 66 சதவீதக் கட்டண உயர்வு. அதை எதிர்த்து நின்ற ஆணைக்குழுத் தவிசாளர் ஜனக ரத்நாயக்கவை நீக்கும் பிரேரணை மே 24இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது: ஆதரவு 123, எதிர்ப்பு 77. அவர் செய்தது சரியோ பிழையோ எண்டது வேறு வாதம். ஆணைக்குழு உறுப்பினர் ஒருவரை அனுப்பப் பாராளுமன்றத் தீர்மானம் வேண்டும் எண்டு 2002இன் சட்டம் எழுதி வைத்திருந்தபடியால், அண்டைக்கு விவாதமும் வாக்கெடுப்புமாவது நடந்தது. 2005இல் முழுப் பேரவையும் இல்லாமல் போனதற்கு ஒரு வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை.