கல்கத்தாவின் காலரா வார்டுகளும் நீர்க்கணக்கும்

நோயாளியின் உடலுக்குள் செல்லும் நீரையும் வெளியேறும் நீரையும் அளந்து குறித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கும் முறை, செவிலியர்கள் ‘இன்டேக்–அவுட்புட் சார்ட்’ என்று சொல்லும் தாளாக இன்று படுக்கைதோறும் தொங்குகிறது. கடும் காலரா கண்டவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும் என்பதால், இந்தக் கணக்கின் அருமையை கல்கத்தாவைப் போல் உணர்ந்த நகரங்கள் மிகச் சிலவே.

காலரா நோயாளியின் ரத்தம் நீரையும் உப்பையும் இழக்கிறது என்பதை 1831–32இல் இங்கிலாந்தில் பகுத்தாய்ந்து காட்டிய வில்லியம் புரூக் ஓஷாக்னசி, 1833இல் கல்கத்தா வந்து, பின்னர் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். அவருடைய ஆய்வை அடியொற்றி 1832இலேயே தாமஸ் லட்டா ஸ்காட்லாந்தில் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றியிருந்தபோதும், எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு அளவுகோல் இல்லாததும் அம்முறை கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம் எனலாம்.

அந்த அளவுகோலைத் தந்தவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கல்லூரியில் பணியாற்றிய லெனார்ட் ராஜர்ஸ். கிளிசரினும் நீரும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த சிறு புட்டிகளில் நோயாளியின் ரத்தத்தைத் துளித்துளியாக விட்டு, எந்தப் புட்டியில் துளி மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கிறது என்று பார்த்து, ரத்தம் எந்த அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்கிறது என்பதை அவர் கணித்தார். அதற்கேற்ப, வழக்கத்தைவிட அடர்ந்த உப்புநீரை ஏற்றினார். ஏறத்தாழ 60 சதவீதமாக இருந்த இறப்பு அதில் பாதியளவுக்கு இறங்கியது பெருஞ்சாதனையே. ஆனால் அந்தத் துளி, அதுவரை நேர்ந்த இழப்பைத்தான் சொல்லுமே தவிர, அடுத்தடுத்த மணி நேரங்களில் குடல் வழியே போய்க்கொண்டிருப்பதைச் சொல்லாது.

அந்தக் குறையைத் தீர்த்தது காலராக் கட்டில். நடுவில் துளையிட்ட படுக்கை, துளைக்கு நேர்கீழே வாளி, வாளியில் சேர்ந்ததை அளந்து எழுதும் செவிலியர்: இவ்வளவே அதன் அமைப்பு. 1960களில் கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழுவும் இந்திய மருத்துவர்களும் காலராவை ஆராய்ந்தபோது, வெளியேறிய அளவுக்கு ஈடாக உள்ளே ஏற்றுவதே சிகிச்சையின் அடிப்படையாக இருந்தது. வாந்திபேதி நாற்றத்தின் நடுவே இரவும் பகலும் அளந்து எழுதிய அந்தச் செவிலியர்களின் பெயர்களை மருத்துவ வரலாறு பதிவு செய்யாமல் விட்டது பெரும் அநீதி.

குடலின் உட்சுவரைச் சிதைக்காமலே காலராக் கிருமியின் நஞ்சு நீரை வெளியேற்றுகிறது என்ற புரிதலுக்கு, கல்கத்தாவின் நோயியல் அறிஞர் சம்புநாத் டே 1959இல் வெளியிட்ட முயல் குடல் ஆய்வு வழி திறந்தது. சுவர் சிதையவில்லை என்றால், குளுக்கோஸுடன் சேர்ந்த உப்பை அது உறிஞ்சவும் வேண்டும். வாய்வழி நீரேற்றக் கரைசல் இந்த அடிப்படையில் அமைந்ததே.

1971இல் கிழக்கு வங்காள அகதிகள் பெருகிய மேற்கு வங்காளத்தின் பன்கான் முகாமில் நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகாலனபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கலவையைப் பொட்டலமாக்கி, உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். வாளியோ கட்டிலோ போதாத அங்கே நோயாளியின் தாகமே அளவாயிற்று, இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. பன்கானில் அளவு கைவிடப்பட்டது என்று சொல்வது தவறு. ஆய்வு வார்டுகளில் உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பெற்ற அறிவே அந்தப் பொட்டலத்தின் விகிதமாக முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தது.