படகில் ஏறாத சட்டம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே செல்பவர்கள், அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் பார்த்த கையோடு வாசலூர்ப்பட்டிப் படகு இல்லத்துக்கும் ஒரு நடை போய்வருவது வழக்கம். ஏரி என்று அழைக்கச் சற்றே தயங்க வேண்டிய சிறிய நீர்ப்பரப்பு அது. சென்ற முறை நண்பர்கள் சிலருடன் அங்கே மிதிபடகுக்காகக் காத்திருந்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. சட்டத்தின் கண்ணில் இந்தப் படகு என்ன? கலமா, வாகனமா, அல்லது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளா? வேடிக்கையாகத் தொடங்கிய அந்தக் கேள்வி, மலையிறங்கிய பின் பழைய சட்டங்களைப் புரட்ட வைத்தது. புரட்டப் புரட்ட வேடிக்கை குறைந்துகொண்டே வந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

முதலில் வேடிக்கையான பகுதியைப் பார்ப்போம். நீர்க்கலங்களைத் தேடிப் போன நாங்கள் வழியில் வானூர்திச் சட்டத்தில் இடறினோம். 1934ஆம் ஆண்டின் இந்திய வானூர்திச் சட்டம், வானூர்தி என்பதற்குத் தரும் வரையறையில் பலூன், வான்கப்பல், மிதவை விமானம் ஆகியவற்றோடு பட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. மாட்டுப் பொங்கலன்று ஏரிக்கரையில் நூல்கண்டோடு நிற்கும் சிறுவன், எழுத்துக்கு எழுத்து பார்த்தால், வானூர்தி இயக்குபவன். அந்தச் சட்டம் தொண்ணூறு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2024இல் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் அதிநியம், 2025 ஜனவரி முதல் நாள்தான் அதன் இடத்துக்கு வந்தது.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பட்டம் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தது என்று யோசித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. மனிதனைத் தூக்கிச் செல்லும் பெரும் பட்டங்களைச் சாமுவேல் கோடி உருவாக்கி, பிரிட்டிஷ் ராணுவம் அவற்றை எதிரியின் நிலைகளைக் கண்காணிக்கப் பயன்படுத்திய காலம் அப்போது அதிகம் பின்னால் போய்விடவில்லை. சட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்தது சிறுவனின் காகிதப் பட்டமாக இருந்திருக்காது. உளவு பார்க்கும் பட்டமாகவே இருந்திருக்கக்கூடும். அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் முதன்முதலாகத் தபால் பறந்தது 1911 பிப்ரவரியில். அதே ஆண்டிலேயே இந்திய வான்கப்பல் சட்டமும் பிறந்துவிட்டது. நாட்டில் விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நாட்களில் அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் தயாராக இருந்தது. விசித்திரமாகத் தோன்றும் ஒவ்வொரு சட்டச் சொல்லும், அதை எழுதிய அரசு எதற்கு அஞ்சியது, எதை விரும்பியது என்பதன் பதிவு. இந்த எண்ணத்தோடு படகுகளுக்குத் திரும்பினோம்.

சென்னை மாகாணத்தில் உள்நாட்டு நீர்வழிகளைப் பற்றிய முக்கியமான சட்டம் 1890இல் வந்தது: கால்வாய்கள் மற்றும் பொதுப் படகுத்துறைகள் சட்டம். அதன் பின்னணியில் இருந்தது பக்கிங்ஹாம் கால்வாய். பழவேற்காடு ஏரியைத் தொட்டுச் செல்லும் அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தன. படகுக்கு உரிமம், கால்வாயில் செல்லக் கட்டணம், துறையைக் குத்தகைக்கு விடுதல் ஆகியவையே அந்தச் சட்டத்தின் மையக் கவலைகள். அரசின் பார்வையில் படகு ஒரு வருவாய் இனம்.

அடுத்து 1917இல் உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம். நீராவியின் கொதிகலன் வெடித்தால் பயணிகள் கூட்டமாகச் சாவார்கள் என்ற அச்சம் நியாயமானது. எனவே கலத்தை ஆய்வு செய்து சான்றிதழ் தர வேண்டும், தகுதி பெற்றவரே ஓட்ட வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது இயந்திரத்தைப் பார்த்தது. இயந்திரம் இல்லாத துடுப்புப் படகும் தோணியும் பரிசலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. நீரில் மூழ்குவதற்கு ஒரு படகுக்கு இயந்திரம் தேவையில்லை என்பதை அந்த வரையறை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு போர் வந்தது. ஏரியில் விமானம் இறங்குவது இன்று நமக்குச் சுற்றுலாச் செய்தி. ஆனால் சென்னைக்கு அது புதிதல்ல. 1872 முதல் நகரத்துக்குக் குடிநீர் வழங்கிவந்த செங்குன்றம் ஏரியில் இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் படைப்பிரிவு தங்கியிருந்தது. நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் கேட்டலினா விமானங்கள் அங்கிருந்து வங்கக்கடலின்மேல் ரோந்து சென்றன. இலங்கையின் தெற்கே கொக்கல ஏரியிலும் இதே காட்சிதான். 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கிளம்பிய லியோனார்ட் பர்ச்சலின் கேட்டலினாதான், கொழும்பை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்தது. வரலாற்று நூல்கள் இதைப் பெருமையோடு சொல்கின்றன. அந்தத் தளத்துக்காகக் கொக்கல மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை.

அதே 1942இல் வங்கத்தில் நடந்தது இன்னும் கொடியது. ஜப்பானியர் வந்தால் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில், கரையோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. பல்லாயிரம் படகுகள் கைப்பற்றப்பட்டன அல்லது அழிக்கப்பட்டன. தனியே பார்த்தால் விசித்திரச் சட்டங்களின் தொகுப்பில் சேர்க்கத்தக்க ஒரு வரி: பத்துப் பேர் ஏறலாம், பதினோராம் ஆள் ஏறக்கூடிய படகு குற்றம். ஆனால் ஆறுகளே சாலைகளாக இருந்த நாட்டில் படகு போனபோது மீனவரின் தொழில் போனது, நெல் சந்தைக்குப் போகும் வழி அடைபட்டது. மறுவருடம் வங்கத்தைத் தாக்கிய பெரும் பஞ்சத்தின் காரணங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இந்த ஆணையையும் வைக்கிறார்கள்.

சுங்கம், கொதிகலன், எதிரி. இந்த மூன்றையும் பார்த்த அரசின் கண், படகில் உட்கார்ந்திருக்கும் மனிதர்மேல் பதிய எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது?

2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா சென்ற 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் படகு மூழ்கி இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் நாளில், கட்டணம் வாங்க 1890இலேயே சட்டம் கண்ட அதே கால்வாய் தொட்டுச் செல்லும் பழவேற்காடு ஏரியில், உல்லாசமாகச் சென்ற 22 பேர். 2023 மே மாதம் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதரா நகருக்குள்ளேயே இருக்கும் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியர்களும். இந்த விபத்துகளைப் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு: அளவுக்கு மீறிய ஆட்கள், லைஃப் ஜாக்கெட் இன்மை.

தேக்கடிப் படகு இயந்திரப் படகு. அதாவது 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்குள் வரும் வகை. ஆகவே எழுதாமல் விட்டதால் மட்டுமே இவை நேர்ந்தன என்று சொல்லிவிட முடியாது. எழுதிய சட்டமும் படகுத்துறைவரை நடந்து வரவில்லை. பழவேற்காட்டில் விபத்துக்குப் பின் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை விதித்தார்கள். வங்கத்தில் செய்ததுபோலப் படகை நிறுத்துவது அரசுக்கு எப்போதும் எளிது. படகைப் பத்திரமாக ஓடவிடுவதுதான் கடினம். அதற்கு ஒவ்வொரு நாளும் ஒருவர் கரையில் நின்று தலைகளை எண்ண வேண்டும்.

1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2021இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. இயந்திரமற்ற கலங்களையும் அது முதன்முறையாகக் கருத்தில் கொள்கிறது. மாவட்டம், வட்டம், ஊராட்சி என்ற அளவில் அவற்றைப் பதிந்துகொள்ள வழி செய்கிறது. ஆக, வாசலூர்ப்பட்டியில் எங்களுக்குள் எழுந்த கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்துவிட்டது. ஏரிகளும் அந்தச் சட்டத்தின் உள்நாட்டு நீர்ப்பரப்பில் அடங்கும் என்பதால், மிதிபடகையும் இனி ஒரு கலமாகவே கருத இடமிருக்கிறது.

அன்று எங்கள் முறை வந்தபோது படகில் ஏறிவிட்டோம். குளிர்ந்த காற்று, கரையெங்கும் மரங்கள், பக்கத்துப் படகில் கூச்சலிடும் குழந்தைகள். நண்பர் ஒருவர் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டபோது மற்றவர்கள் சிரித்தோம், நீர் இடுப்பளவுகூட இருக்காது என்று. இத்தனையும் படித்த பிறகு, அந்தச் சிரிப்பை நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.