வாயுமண்டலத்தின் பாரம்

சிதம்பரத்தை ஆகாச ஸ்தலமென்றும் காளஹஸ்தியை வாயு ஸ்தலமென்றும் வகுத்த நம் முன்னோர், கண்ணுக்குப் புலப்படாத அவ்விரண்டையும் பூதங்களாகப் போற்றினர். அவற்றுள் வாயுவுக்குப் பாரமுண்டு என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி பாதரசக் குழாயால் விளக்கினார். அக்குழாயில் பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரம் நிற்பதைக் கொண்டு, கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 10 டன் காற்றைச் சுமக்கிறதென்று அறிந்து, அதனைப் பூமியின் பரப்பாகிய 51 கோடி சதுர கிலோமீட்டரால் பெருக்கினால், வாயுமண்டலம் முழுவதும் ஏறக்குறைய 51 கோடி கோடி டன் என்பது கிடைக்கும். இவ்வழியில் கணக்கிட்ட பிரெஞ்சு மேதை பாஸ்கலின் நூல், அவர் மறைந்தபின், 1663-இல் வெளிவந்தது. உலகையே தராசிலிட்ட அந்தத் துணிவு வியந்து போற்றத்தக்கது.

கடலூர்க் கரை இப்பாரத்தின் ஏற்றத்தாழ்வைப் புயல்களின் வாயிலாகக் கொடுமையாக அறிந்த பிரதேசம். கப்பல்களில் இப்பாரத்தை அளக்கும் பாரமானி வழக்கத்துக்கு வராத 1749-இல், தேவனாம்பட்டினத்துக் கோட்டையாகிய செயின்ட் டேவிட் அருகே வீசிய புயலில், ஆங்கில அட்மிரல் பாஸ்கவெனின் 'நாமூர்' என்னும் பெரும் போர்க்கப்பல், 500-க்கு மேற்பட்ட மாலுமிகளுடன் மூழ்கியது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த 'தானே' புயலோ, பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. வழக்கமாகச் சுமார் 1013 மில்லிபார் இருக்கும் அழுத்தம், அப்புயல் கடலில் உச்சத்திலிருந்தபோது அதன் மையத்தில் 969 மில்லிபாராகத் தாழ்ந்ததென மதிப்பிடப்பட்டது. சதுர மீட்டருக்குச் சுமார் 450 கிலோ காற்று, அதாவது நூற்றில் நான்கு பங்கே, குறைந்திருந்தது.